பரக்கத்தான கை

பொறாமை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டு போகும்போது நீங்களாகக் கண்டுபிடித்து, "இந்த மனிதனுக்கு வயிறு எரிகிறது" என்று சிரிக்க வேண்டாம். எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் விடியற்காலையில் கடைத்தெருவில் ஒரு பலகைக் கதவைக் கழற்றும் சத்தம் கேட்டால் அந்த எரிச்சல் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். மாத்தளைக் கடைத்தெருவில் அவன் பெயரை வேண்டிய மட்டும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டுமா?

பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. குள்ளமான ஆள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்தோடு பூட்டியிருப்பான். கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாக, பெண்பிள்ளையின் கை போல இருக்கும். அந்தக் கையைப் பற்றித்தான் தெருவே பேசியது. தமிழ் ஆட்கள் கைராசி என்றார்கள். சிங்கள ஆட்கள் அத்குணே என்றார்கள், அவனை அத்குணே மாத்தயா, கைராசி ஐயா, என்றே கூப்பிட்டார்கள். என் வாப்பா பரக்கத் என்றார். காலையில் கடை திறந்ததும் அவன் வந்து முதல் வியாபாரம் செய்தால் அன்றைக்குப் பொழுதுபடும்வரை கல்லாப்பெட்டி ஓயாது என்று எல்லாரும் நம்பினார்கள். நடைபாதையில் யார் சாக்கு வைப்பது என்று தினமும் சண்டை போடும் கடைக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி.

அவன் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். நான் மாத்தளைத் திருகோணமலை வீதியில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி, பலசரக்கும் விற்ற ஒரு முஸ்லிம் முதலாளியின் ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வாங்குப் பலகை. சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில் இரண்டு பேரும் வணிகம் படிக்க மெட்ராசுக்குப் போனோம். ஊரில் அதற்கு "வெளிநாட்டுப் படிப்பு" என்று பெயர். என் உம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போது முந்தானையைச் சரிசெய்துகொள்வார்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் ஒரே அறையில் தங்கினோம். நான் படித்தேன். மெய்யாகவே படித்தேன். அவன் விடிவதற்கு முன்னால் எழுந்து, வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றிக் குளித்து, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். வகுப்புக்கு மணி அடிக்கும் நேரத்தில் வந்து கடைசி வரிசையில் உட்காருவான். பெண் விவகாரம் என்றுதான் நினைத்தேன். அது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் நானும் எழுந்து பின்னாலேயே போனேன்.

அவன் போனது கொத்தவால்சாவடிப் பக்கம். மொத்தக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒரு கடையில் வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டு, தராசைத் துடைத்து மாட்டினார்கள். அந்த வினாடிக்காக எதிர்த் திண்ணைக் கல்லில் காத்திருந்தவன் போல இவன் எழுந்து போய், "ஒரு அணாவுக்கு மொளகு குடுங்க" என்றான். மூட்டை மூட்டையாக விற்கும் கடை. வேறு நேரமாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். முதல் வாடிக்கையை எந்தக் கடைக்காரன் விரட்டுவான்? முதலாளி அந்த ஒற்றை அணாவைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டார். இவன் போகவில்லை. நின்றுகொண்டே, "இது எந்த ஊர் மொளகுங்க? ஈரம் எப்புடிப் பாப்பீங்க?" என்று கேட்க ஆரம்பித்தான்.

என்னைக் கண்டதும் வெட்கப்படுவான் என்று பார்த்தேன். சிரித்தான்.

"ஏன்டா, பொண்ணு பாக்கப் போறேன்னு நெனச்சியா?"

"இதென்னடா வேலை? ஒரு அணா மொளகு வாங்கித் திங்கிறதுக்கா இவ்வளவு தூரம்?"

"மொதல் போணி செஞ்சவனத் தொரத்த மாட்டாங்கடா. நின்னு பாக்கலாம், கேக்கலாம். காலேஜுக்குக் கட்டுற பீஸவிட இது மலிவு."

அப்படி ஒவ்வொரு கடையாக முதல் ஆளாகப் போய்ப் போய், கொஞ்ச நாளில் கதை தலைகீழாகிவிட்டது. அவன் கைப்பட்ட நாட்களில் வியாபாரம் ஓடியதாக யாரோ சொல்லிவைக்க, கடைக்காரர்களே அவனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களின் பாஷையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தெருவில் காலையில் யாரும் "இல்லை" என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சரக்கு தீர்ந்திருந்தால் "நாளைக்கு வரும்" என்பார்கள். கடையை மூடு என்றும் சொல்ல மாட்டார்கள், எடுத்து வை என்பார்கள். இதையெல்லாம் அவன் அறைக்கு வந்து சொல்வான். மூட நம்பிக்கை என்பேன் நான். அவன் மறுக்கவும் மாட்டான், ஒத்துக்கொள்ளவும் மாட்டான்.

அந்த முதல் கடை முதலாளிக்கு ஒரு மகன் இருந்தான். தூக்கக் கண்ணோடு ஒரு மூலையில் நின்று, அப்பா இவனைப் பாய் போட்டு உட்கார வைப்பதை முறைத்துப் பார்ப்பான். அந்தக் கடைத்தெருவிலேயே எனக்குப் பிடித்த முகம் அதுதான்.

"அவர் மகன் உன்ன எப்படிப் பாக்கிறான், பாத்தியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாக்கட்டும். போன மாசம்வரைக்கும் அவன் பத்து மணிக்குத்தான் வருவான். இப்ப பாரு, வாசல் தெளிக்கவே நிக்கிறான்" என்றான்.

தன் ராசி அந்தப் பையனைக்கூடத் தொற்றிவிட்டதாகப் பெருமை பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சையில் எனக்கு முதல் வகுப்பு. அவனுக்கு மூன்றாம் வகுப்பு, அதுவும் தட்டுத் தடுமாறி. என் வாழ்க்கையில் அவனை நான் முந்திய ஒரே நாள் அது. மதியத்துக்குள் அதையும் கெடுத்தான். நான் தேறியதற்காக ஒரு கூடை ஜாங்கிரி வாங்கி வந்து, மெஸ் சமையல்காரரிலிருந்து மாடிப்படி பெருக்கும் அம்மாவரை எல்லாருக்கும் கொடுத்தான். எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பாஸாயிட்டியாப்பா, நல்லா இரு!" என்று அவனைத்தான் வாழ்த்தினார்கள். நான் ஜாங்கிரியைத் தின்றுகொண்டு பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வரும்போது தலைமன்னார் இறங்குதுறையில் என் தாளைப் பார்த்து உடனே விட்டுவிட்டார்கள். அவன் தாள் வேறு மாதிரி. தோட்டத்து ஆட்களுக்கு, இந்திய வழி வந்தவர்கள் என்று, பிரஜாவுரிமை இல்லாமல் போயிருந்த காலம். ரயில் கூவும்வரை அவனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் ஓடி வந்து ஏறினான். "இங்க மட்டுந்தாண்டா எனக்குக் கடைசி போணி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மாத்தளையில் நான் பட்டதாரி. வெளிநாட்டுப் படிப்பு முடித்தவன். காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்து, பேப்பரைப் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்குப் போவேன். வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் நான் போனபோது கடையே திருவிழாவாக இருந்தது. கொழும்பிலிருந்து பெரிய கொள்முதல்காரர் ஒருவர் வந்து, இருந்த சாதிக்காயை எல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாப்பாவின் பக்கத்தில், வாடிக்கைக்காரர்கள் யாரும் உட்காராத அந்த முக்காலியில், இவன் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சுபஹுத் தொழுகையோட வந்து கால் றாத்தல் சீனி கேட்டான். அதுதான் மொதல் யாவாரம்" என்றார் வாப்பா, தெருவுக்கே கேட்கும்படி. "இந்தப் புள்ளட கை பரக்கத்தான கை. இனி நாளாந்தம் இவன்தான் எனக்குத் தொறக்கோணும்."

"வாறேன் வாப்பா" என்றான் அவன்.

வாப்பாவாம்! மொதலாளி என்று கூப்பிட்டவன் ஒரு கால் றாத்தல் சீனியில் வாப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். என்னை எந்த வாடிக்கைக்காரனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அது நியதியாகிவிட்டது. பலகைக் கதவைக் கழற்றுவோம். ஆட்கள் வந்தால் வாப்பா, "கொஞ்சம் நில்லுங்க, அவன் வரட்டும்" என்பார். அவன் தெருமுனையில் தெரிவான். ஒரு நெருப்புப் பெட்டியோ, கொஞ்சம் கொத்தமல்லியோ வாங்குவான். பிறகு பஸ் ஏறி, யட்டவத்தையில் தான் வாடகைக்கு எடுத்திருந்த சின்னக் கடைக்குப் போய், தன் சொந்த மிளகு வியாபாரத்தைப் பார்ப்பான். வாப்பாவின் கடையில் முதல் வியாபாரத்தைக் கையில் வாங்கிப் பெட்டியில் போடும் உரிமை எனக்குத்தான் வர வேண்டும். நான்தான் மகன், நான்தான் முதல் வகுப்பு. ஆனால் அவன் வந்து நிற்கும்வரை வாப்பா கல்லாப்பெட்டிச் சாவியை மடியிலிருந்து எடுக்கவே மாட்டார். வீட்டில் உம்மா வட்டிலாப்பம் செய்தால், "அந்தப் புள்ளக்கி எடுத்து வெச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி.

இதைவிட மோசம் என் மாமனார். யட்டவத்தையில் புடவைக் கடை திறந்தார். மருமகன் கையால்தான் முதல் வியாபாரம் என்று எனக்கு நானே தீர்மானித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். மாமனார் என்னை அன்பாக வரவேற்று உள்ளே உட்கார வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்க்கிறார் என்று கேட்க எனக்கு அவசியம் இருக்கவில்லை. அவன் வந்தான். எல்லாப் பட்டுப் புடவையையும் தாண்டிப் போய் ஒரு கைலேஞ்சி வாங்கினான். மாமனார் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவன் நேரே என்னிடம் வந்து அந்த லேஞ்சியை நீட்டினான்.

"கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்துது பாரு. தொடச்சுக்க."

துடைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மெட்ராஸ் பழக்கத்தை எங்கள் கடைக்கும் கொண்டுவந்தான். பல்லேகமவிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு வரும் சிங்களப் பெரியவர் ஒருவர் உண்டு. பழைய வாடிக்கை. திரும்பிப் போகும்போது சாமான் வாங்கிப் போவார். ஒரு தடவை அவர் ஒரு வகைக் கருவாடு கேட்டார். "இல்ல" என்றேன். நெருப்புப் பெட்டிக்காக நின்ற இவன் குறுக்கே விழுந்து, "நாளைக்கி வரும் ஐயா" என்றான்.

அவர் போனதும், "நாளைக்கும் வராதேடா, எதுக்குப் பொய் சொல்ற?" என்று பாய்ந்தேன்.

"வராட்டி நாளைக்கும் சொல்லு. இல்லன்னா அந்தாளு வேற கடைக்குப் போயிருவாரு. நாளைக்கின்னா நாளைக்கும் நம்ம வாசலத்தான் மிதிப்பாரு. இல்லங்கிறது கதவச் சாத்துற சொல்லுடா."

நம்ம வாசலாம். வாப்பா கணக்குப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

பொறுத்தது போதும் என்று ஒரு திட்டம் போட்டேன். அவனுக்கு முன்னால் எழுந்து, அவனுக்கு முன்னால் கடையைத் திறந்து, அவன் வருவதற்குள் முதல் வியாபாரத்தை என் கையால் முடித்துவிட வேண்டும். பேப்பர் போயிற்று. ஆறுதலான சாப்பாடு போயிற்று. சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேரே கடைக்கு ஓடுவேன். அவன் எப்படியோ அதற்கும் முன்னால் வந்து, விளக்குக் கம்பத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "என்னடா, இன்னிக்கும் வெள்ளனவா?" என்பான். அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும்.

ஒரே ஒரு நாள் ஜெயித்தேன். என்ன காரணமோ, கம்பத்தடி வெறுமையாக இருந்தது. வஹகோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வேதக்கோயில் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியும் சீனியும் முந்திரியும் வாங்க வந்திருந்தது. நல்ல பெரிய வியாபாரம். என் கையால் கொடுத்து, என் கையால் வாங்கினேன். வாப்பா வந்ததும், "மொதல் யாவாரம் நான் செஞ்சிட்டேன் வாப்பா" என்றேன். மத்தியானம் எங்கிருந்தோ ஒரு மழை வந்து, வாசலில் காயப் போட்டிருந்த மிளகையெல்லாம் நனைத்துவிட்டது. மாத்தளையில் மழை பெய்வதற்கு யாருடைய கையும் வேண்டியதில்லை. வாப்பா என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதை இருமல் என்று நினைத்தேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின. இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று தோட்டத்து ஆட்களைப் பிரித்தார்கள். அவன் இங்கே இருக்கத்தான் விண்ணப்பம் போட்டிருந்தான். அது தள்ளுபடியாகி, இந்தியா போக வேண்டும் என்று வந்துவிட்டது. செய்தி கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம்தான். இனிக் கம்பத்தடியில் யாரும் நிற்க மாட்டார்கள். வாப்பாவின் கடை எனக்கு. அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை.

உம்மா அடுப்படியில் நின்று புலம்பினார். "வெளிநாட்டுக்குப் படிக்கப் போன புள்ள. இப்ப அதே நாட்ட அவன்ட சொந்த நாடுண்டு செல்றாங்களாம். யாரு செல்ற சொந்த நாடு? அவன் பொறந்தது இந்த மலைலதானே?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கப்பலில் போய், ஒரே அறையில் படுத்து, ஒரே கப்பலில் வந்தவர்கள். எனக்கு வெளிநாடாகவே இருக்கும் ஊர் அவனுக்கு மட்டும் எப்படிச் சொந்த ஊரானது என்று எந்த வணிகப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

கடைசி நாள் காலையிலும் கம்பத்தடியில் நின்றான். மேல் பொத்தான் பூட்டியிருந்தது. "கொஞ்சம் மொளகு குடுங்க வாப்பா" என்றான். மெட்ராசில் முதன்முதல் வாங்கியதும் அதுதான். வாப்பா தானே எழுந்து நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவன் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றியபோது கையை எடுக்க நேரமாயிற்று. வாசலில் இறங்கியவன் என் தோளைத் தொட்டு, "நாளைக்கி வெள்ளன வந்துருடா" என்றான். போகும்போதுகூட எனக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, போயிட்டு வா" என்றேன்.

மறுநாள் சுபஹோடு கடைக்குப் போனேன். போகத் தேவையே இல்லை. முந்துவதற்கு யாருமில்லை. கால்கள் கேட்கவில்லை. வாப்பா எனக்கு முன்னாலேயே வந்து, இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இண்டைக்கி அவன் இல்லியே மகன். நீ என்னத்துக்கு இவ்வளவு வெள்ளன வந்த?"

"இனி பரக்கத்துக்கு யாரத் தேடப் போறீங்க?" என்றேன். குரலில் காரம் இருந்தது. மறைக்கவில்லை.

வாப்பா கல்லாப்பெட்டிச் சாவியை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவன்ட கையில பரக்கத் ஈந்திச்சா இல்லியா, அது அல்லாவுக்குத்தான் தெரிய. நீ மெட்ராஸால வந்த புதுசுல வெயில் ஏறின பொறகுதான் கடைக்கு வருவ. படிச்ச மகன், நான் என்னத்தச் செல்ல? அவன் சீனி வாங்க வந்த அண்டைக்கி நீ எங்கண்டு கேட்டான். தூக்கம் எண்டேன். 'வாப்பா, ஒங்க மகன நான் எழுப்பித் தரவா?' எண்டான். மெட்ராஸ்ல ஒரு மொதலாளி தன்ட மகன இப்பிடித்தான் எழுப்பினதாம், இவன வெச்சி."

அந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்த ஒரு நாளத் தவிர நாளாந்தம் வந்தானே மகன். மழ, காய்ச்சல் எண்டு நிண்டதில்ல. இங்க வந்து நிண்டுட்டுத்தானே அவன்ட கடையத் தொறக்கப் போனான்."

இதைக் கேட்டதும் என் எரிச்சல் அடங்கியது என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவன் என்பீர்கள். அடங்கவில்லை, கூடியது. கைராசி என்றால் ஆண்டவன் கொடுத்தது என்று விட்டுவிடலாம். இது அவனுடைய மூளை. மெட்ராசில் அந்தத் தூக்கக் கண் பையனை நானும்தான் பார்த்தேன், அவனும்தான் பார்த்தான். நான் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன், அவன் வியாபாரத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இத்தனை வருஷம் என்னுடைய சொந்தச் சொத்து என்று நான் வளர்த்த பொறாமைக்குக்கூட முதல் போட்டவன் அவன்தான். இனி அவனிடம் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

"ஏன் வாப்பா எனக்குச் சொல்லல்ல?"

"சென்னா நீ படுத்திடுவியே."

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பலகைகளைக் கழற்றினேன். பல்லேகமப் பெரியவர் ஏலக்காய் மூட்டையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரத்து ஊருக்குச் செய்தி போயிருக்கவில்லை. அவன் கைப்பட்ட பிறகுதான் மூட்டையை அவிழ்ப்பது அவர் வழக்கம். என்னைக் கண்டதும் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அத்குணே மாத்தயா இன்னும் வரல்லியா?"

வாய்வரைக்கும் "இல்ல" என்ற அந்தச் சொல் வந்துவிட்டது. வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி வருவாரு" என்றேன்.